வாயில் முதல் பட்டம் வரை

ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் உயர்கல்வி கிட்ட வேண்டும் என்பது இன்று எவரும் வெளிப்படையாக மறுக்காத கொள்கை. அக்கொள்கை நிறைவேறியதா என்பதை அரசாங்கங்கள் பெரும்பாலும் ஒரே கணக்கினால் அளந்து வந்துள்ளன. இவ்வாண்டு எத்தனை மாணவர் சேர்ந்தனர் என்பதே அக்கணக்கு. சேர்ந்தவருள் எத்தனை பேர் உரிய காலத்திற் பட்டம் பெற்றனர் என்னும் மற்றொரு கணக்கு நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. இவ்விரு கணக்குகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டு என்பதை அறிய விரும்புவோர்க்கு, நியூயோர்க் நகரத்துப் பொதுக் கல்லூரிகளின் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

1847ஆம் ஆண்டில், இலவசக் கல்லூரி ஒன்றை நகரச் செலவில் நிறுவலாமா என்னும் வினா நியூயோர்க் நகர வாக்காளர் முன் வைக்கப்பட்டது. நகரக் கல்விச் சபையின் தலைவராயிருந்த டவுண்சென்ட் ஹரிஸ் என்பவரே இம்முயற்சிக்கு முன்னின்றவர். இவர் இளமையிலேயே பள்ளிப் படிப்பை விட்டு வணிகத்திற் புகுந்தவர். பிற்காலத்தில் யப்பான் நாட்டிற்கு அமெரிக்காவின் முதற் பொதுத் தூதராகச் சென்று புகழ் பெற்றவர். வாக்காளர் பெரும் எண்ணிக்கையில் இசைவு தெரிவித்தனர். 1849இல் ‘இலவச அக்கடமி’ திறக்கப்பட்டது. அதுவே 1866இல் நியூயோர்க் நகரக் கல்லூரி எனப் பெயர் மாறிற்று. 1870இல் மகளிருக்காக ஒரு கல்லூரி தோன்றி, பின்னர் ஹன்டர் கல்லூரி எனப்பட்டது. 1930இல் புரூக்ளின் கல்லூரியும், 1937இல் குவீன்ஸ் கல்லூரியும் எழுந்தன. இவை யாவும் 1961இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் என்னும் ஒரே குடையின் கீழ் வந்தன.

இக்கல்லூரிகளிற் கற்பிப்புக் கட்டணம் இல்லை. கப்பலேறி வந்து குடியேறிய தொழிலாளரின் பிள்ளைகள் இவற்றிலே கற்று மேன்மையடைந்தனர். இளம்பிள்ளைவாதத்திற்குத் தடுப்பூசி கண்ட ஜோனாஸ் சோல்க் 1934இல் நகரக் கல்லூரியிற் பட்டம் பெற்றவரே. எனினும், கட்டணமில்லாத அந்த வாயில் எல்லார்க்கும் திறந்திருந்தது என்று சொல்லிவிட முடியாது. உயர்ந்த புள்ளிகள் பெற்றோரே உள்ளே செல்லலாம். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோர், பிறர் துணையின்றித் தாமே கற்று முடிக்கும் வல்லமையுள்ளவர் என்று கொள்ளப்பட்டனர்.

மாணவனுக்கு ஆலோசகர் ஒருவர் தேவை என்னும் எண்ணம் அமெரிக்கக் கல்லூரிகளிற் பிறந்த கதையையும் இவ்விடத்தில் நோக்குதல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே கல்லூரி மாணவர் பெரும்பாலும் ஒரே பாடத்திட்டத்தையே பயின்றனர். இலத்தீன், கிரேக்கம், கணிதம் என வழி முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. தெரிவு செய்வதற்கு எதுவும் இல்லாதபோது ஆலோசனைக்கு இடமேது? 1869இல் ஹாவாட் கல்லூரியின் தலைமையை ஏற்ற சார்ள்ஸ் எலியட், மாணவன் தனக்கு வேண்டிய பாடங்களைத் தானே தெரிந்தெடுக்கும் முறையைப் பரவச் செய்தார். வழிகள் பலவாயின, வழி தவறுவோரும் பலராயினர். ஆகவே 1889இல் அதே ஹாவாட் கல்லூரி முதலாண்டு மாணவருக்கென ஆலோசகர் குழு ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. 1876இல் பால்டிமோர் நகரில் தொடங்கிய ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகமும், டானியல் கில்மன் என்னும் அதன் முதற் றலைவர் காலத்திலேயே ஆசிரியரை ஆலோசகராக நியமிக்கும் வழக்கத்தை மேற்கொண்டது. தெரிவும் ஆலோசனையும் இவ்வாறு உடன்பிறந்தவை. ஆயினும், பின்னர்க் கல்லூரிகள் பெருகி மாணவர் தொகை இலட்சக்கணக்கான போது, தெரிவு வளர்ந்த அளவிற்கு ஆலோசனை வளரவில்லை.

மீண்டும் நியூயோர்க் நகருக்கு வருவோம். 1960களில் நகரத்துக் கறுப்பின மக்களும் புவெட்டோ றிக்கோ மக்களும், தம் வரியினால் நடைபெறும் கல்லூரிகளிலே தம் பிள்ளைகளுக்கு இடமில்லாமையைச் சுட்டிக் குரல் எழுப்பினர். 1966இல் மாநிலச் சட்டத்தினால் ‘சீக்’ எனப்படும் திட்டம் நிலைபெற்றது. புள்ளி குறைந்த மாணவரைச் சேர்த்து, அவர்க்கு உதவிப்பணமும், தனிக் கற்பித்தலும், ஆலோசகர் துணையும் அளித்தது அத்திட்டம். அதிலே எழுத்துப் பயிற்சி அளித்த மீனா ஷோனசி, புதிய மாணவர் எழுதிய ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஆராய்ந்து, அவர்களின் பிழைகளுக்குப் பின்னே ஓர் ஒழுங்கு உண்டு என்றும், பயிற்சியின்மையை அறிவின்மையென்று கொள்ளலாகாது என்றும் 1977இல் நூல் எழுதினார். துணையோடு சேர்ந்த திறந்த வாயில் எத்தகையது என்பதைக் காட்டிய முயற்சி அது.

1969ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மாணவர் நகரக் கல்லூரியின் ஒரு பகுதியைக் கைப்பற்றி மறியல் செய்தனர். அதன் விளைவாக, நகரத்து உயர்நிலைப் பள்ளியை நிறைவு செய்த எவர்க்கும் பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடமுண்டு என்னும் விதி 1970இன் இலையுதிர் காலத்தில் நடைமுறைக்கு வந்தது. முந்திய ஆண்டில் ஏறத்தாழ 20,000 ஆயிருந்த புதுமுக மாணவர் தொகை, அவ்வாண்டில் ஏறத்தாழ 35,000 ஆயிற்று. வகுப்பறைகள் போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, ஆலோசகரோ மிக அரியராயினர். ஐந்தாண்டு செல்லுமுன் நகர நிருவாகம் கடன் நெருக்கடியில் அமிழ்ந்தது. 1976இல், 129 ஆண்டுகளாக நிலவிய இலவசக் கல்வி முடிவுற்றுக் கட்டணம் புகுந்தது.

திறந்த வாயிலால் வந்தோர் கற்கத் தகுதியற்றோர் என்று அக்காலத்திற் பலர் பழித்தனர். அப்பழி எத்துணை உண்மை? 1970 முதல் 1972 வரை சேர்ந்த மாணவியரை முப்பது ஆண்டுகளின் பின்னர் தேடிக் கண்டு ஆராய்ந்த போல் அற்றவெல், டேவிட் லவின் என்னும் அறிஞர் இருவர், தம் முடிவுகளை 2007இல் நூலாக வெளியிட்டனர். அம்மாணவியருள் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஏதேனுமொரு பட்டத்தைப் பெற்றே இருந்தனர். ஆயின் பலர்க்கு அது மிக நீண்ட காலம் கழித்தே வாய்த்தது. வேலை, குடும்பம், பணமுடை ஆகியவற்றினிடையே விட்டும் தொட்டும் படித்து முடித்தவர்கள் அவர்கள். ஆற்றல் இருந்தது, காலம் வீணாயிற்று. இளமையிற் பெற்றிருக்க வேண்டிய ஊதியமும் பதவியும் நடுவயதிற் கிடைத்தால், இழந்த ஆண்டுகளை எவர் திருப்பித் தருவார்?

காலம் எவ்வாறு வீணாகிறது என்பதை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். அமெரிக்கச் சமூகக் கல்லூரிகளில் ஈராண்டுப் பட்டம் ஒன்றிற்குப் பொதுவாக 60 பாட அலகுகள் வேண்டும். ஒரு தவணையில் 12 அலகு பயில்பவன் முழுநேர மாணவன் என்பது அரசாங்க உதவிப்பணத்திற்கான விதி. அவ்விதியை நம்பித் தவணைக்கு 12 அலகு வீதம் ஒழுங்காகப் பயின்ற மாணவன், நான்கு தவணை முடிவில் 48 அலகுகளே பெற்றிருப்பான். தன் கடமையில் ஒரு குறையும் வைக்காதவனுக்கே பட்டம் தப்பிவிடுகிறது. பள்ளிக் கணிதத்திலோ எழுத்திலோ பின்தங்கியவன் முதலிற் பரிகாரப் பாடங்களைப் படித்தல் வேண்டும்; அவற்றிற்குப் பட்டத்திற்குரிய அலகுகள் பொதுவாகக் கிடையா. வேண்டிய பாடம் வேலை நேரத்தில் நடைபெற்றால், வேண்டாத பாடத்தை எடுக்க நேரும். இவற்றையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல ஒருவர் வேண்டும். அக்கல்லூரிகளிலோ, ஓர் ஆலோசகருக்கு 600 முதல் 1,500 வரை மாணவர் என்னும் நிலையே இருந்தது. தவணைக்கு ஒருமுறை வரிசையில் நின்று, சில நிமிடம் பேசித் திரும்புவதே ஆலோசனை என்றாயிற்று.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் 2007ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மேயர் மைக்கல் புளூம்பேர்க்கின் நிருவாகம் அளித்த நிதியைக் கொண்டு, பல்கலைக்கழகத்தின் ஆறு சமூகக் கல்லூரிகளிலும் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் ‘ஏசாப்’ என வரும். ‘இயன்ற விரைவில்’ என்னும் பொருளில் ஆங்கிலேயர் வழங்கும் சுருக்கமும் அதுவே. சேர்ந்தோருட் பாதிப் பேராவது மூன்றாண்டுக்குள் பட்டம் பெறச் செய்தல் அதன் குறிக்கோள்.

திட்டத்தின் அமைப்பு இருபக்க உடன்படிக்கை போன்றது. மாணவன் முழுநேரமாகக் கற்றல் வேண்டும். பரிகாரப் பாடங்களைப் பின்போடாது தொடக்கத்திலேயே முடித்தல் வேண்டும். ஆலோசகரை அடிக்கடி சந்தித்தல் வேண்டும். கல்லூரி தன் பங்கிற்கு, உதவிப்பணம் போக எஞ்சிய கட்டணத்தைத் தள்ளிவிடும்; பாடநூல்களைக் கொடுத்துதவும்; வேலைக்குச் செல்ல நேரமிருக்கும் வகையில் வகுப்புக்களை அடுத்தடுத்து வைக்கும். இவற்றோடு, பேருந்திலும் நிலக்கீழ்ப் புகைவண்டியிலும் செல்வதற்கான பயண அட்டை மாதந்தோறும் வழங்கப்பட்டது. அவ்வட்டையைப் பெறுவதற்கு மாணவன் ஆலோசகரைச் சந்தித்துத் தன் கடமைகளை நிறைவேற்றியிருத்தல் வேண்டும். சிறிய ஏற்பாடுதான், ஆனால் அது மாணவனைக் கல்லூரிக்கும் கொணர்ந்தது, ஆலோசகரிடமும் கொணர்ந்தது.

ஓர் ஆலோசகரின் பொறுப்பில் 60 முதல் 80 வரையான மாணவரே விடப்பட்டனர். அத்தொகையில், பெயரும் முகமும் குடும்ப நிலையும் அவர்க்கு நன்கு தெரியும். மாணவன் கணித வகுப்பிற்கு வரவில்லையென்றால், தவணை முடிவில் அன்றி, அப்பொழுதே அவர் அறிவார். எத்தவணையில் எப்பாடம் என்று பட்டமளவும் திட்டமிட்டுக் கொடுப்பார்.

இத்தகைய திட்டங்களிலே ஊக்கமுள்ள மாணவரே வந்து சேர்வராதலின், வெற்றி அவர் ஊக்கத்தின் பயனா, திட்டத்தின் பயனா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அதனைத் தீர்ப்பதற்கு எம்.டி.ஆர்.சி. என்னும் ஆய்வு நிறுவனம் 2010இல் ஒரு சோதனை நடத்தியது. வருமானம் குறைந்த, பரிகாரப் பாடம் தேவைப்பட்ட 896 மாணவர் மூன்று கல்லூரிகளிலிருந்து தெரியப்பட்டனர். சீட்டுக் குலுக்குதல் போன்ற முறையினால் அவர்கள் இரு பகுதியாக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் திட்டத்திற் சேர்ந்தனர். மற்றவர் வழக்கமான முறையிற் கற்றனர். முதலாண்டில் ஆலோசகரைச் சந்தித்த தடவைகள், திட்டத்தினர்க்குச் சராசரி 38, ஏனையோர்க்கு 6. மூன்றாண்டு முடிவில் திட்டத்தினருள் நூற்றுக்கு 40 பேர் பட்டம் பெற்றிருந்தனர்; ஏனையோருள் 22 பேர். ஆறாண்டு சென்றபோது அத்தொகைகள் முறையே 51, 41 ஆயின. ஆறாண்டில் வேறுபாடு சுருங்கினும் மறையவில்லை. எனவே இத்திட்டம் சிலரை விரைவிற் கரைசேர்த்தது. அஃதின்றேல் அந்த ஆறாண்டிலும் கரைசேரா வேறு சிலரையும் கரைசேர்த்தது.

செலவு என்ன? மூன்றாண்டில் ஒரு மாணவனுக்கு வழக்கத்தைக் காட்டிலும் ஏறத்தாழ 16,300 டொலர் மிகுதியாயிற்று. அஃதாவது நூற்றுக்கு அறுபதுக்கு மேல் மிகை. இதனைக் கேட்ட எந்நிதியாளரும் புருவம் நெரிப்பர். ஆனால் மொத்தச் செலவை, பெற்ற பட்டங்களின் தொகையால் வகுத்துப் பார்த்தபோது, ஒரு பட்டத்திற்கு விழுந்த செலவு வழக்கமான முறையிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தே காணப்பட்டது. பாதிவழியில் நின்றுவிடும் மாணவனுக்குச் செலவிட்ட பணமும் பொதுப்பணமே என்பதை நினைப்போர்க்கு இக்கணக்கு வியப்பளியாது.

நியூயோர்க்கிற்கு மட்டும் உரிய வெற்றியோ இது எனின், அன்று. 2014 முதல் ஒகாயோ மாநிலத்து மூன்று கல்லூரிகள் இம்முறையைப் பின்பற்றின. ஏறத்தாழ 1,500 மாணவரைக் கொண்டு அங்கு நடந்த சோதனையில், மூன்றாண்டு முடிவிற் பட்டம் பெற்றோர் நூற்றுக்கு 35. வழக்கமான முறையில் 19. 2015இல் நியூயோர்க்கின் ஜோன் ஜே கல்லூரி, நான்காண்டுப் பட்டத்திற்கும் இதே வழியைக் கையாளத் தொடங்கியது.

இத்திட்டத்திற்கும் எல்லையுண்டு. முழுநேரமாகக் கற்க இயலாத, குடும்பப் பாரம் சுமக்கும் மாணவனுக்கு இதில் இடமில்லை. திட்டத்தின் நூற்றுக்கு 60 பேர் மூன்றாண்டில் பட்டம் பெறவில்லை என்பதையும் மறத்தலாகாது. மேலும், சோதிக்கப்பட்டது முழுத் திட்டமேயாதலின், ஆலோசகரால் விளைந்த நன்மை எவ்வளவு, பயண அட்டையால் விளைந்தது எவ்வளவு எனப் பிரித்துச் சொல்லல் இயலாது. செலவைக் குறைக்க எண்ணி ஒவ்வோர் உறுப்பாக வெட்டுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

1847இல் நியூயோர்க் நகரத்தார் கட்டணத் தடையை நீக்கினர். 1970இல் புள்ளித் தடையையும் நீக்கினர். இரண்டும் பெருஞ் செயல்களே. எஞ்சி நின்ற தடை கண்ணுக்குப் புலப்படாதது: தவறான பாடம், தவறிய தவணை, கையில் இல்லாத பயணக் கூலி, கேட்பதற்கு ஆளில்லாத தனிமை. சட்டத்தினால் ஒரு நாளில் அத்தடையை நீக்க முடியாது. எண்பது பேரின் பெயரை நினைவில் வைத்திருக்கும் ஓர் ஆலோசகர், தவணைதோறும், மாதந்தோறும் அதனை நீக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். பிள்ளையைக் கல்லூரியிற் சேர்த்த நாளன்றே தம் கடன் தீர்ந்தது என்று எண்ணும் எந்நாட்டினரும் இவ்வரலாற்றிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இதுவே.