வீட்டு முற்றத்தில் ஒரு மரச்சட்ட மோட்டார் வண்டி

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் பிறப்பையே எழுதிச் சென்றுள்ளனர். யார் வரைந்தார், எவ்வாண்டு எத்தொழிற்சாலையில் இருந்து வெளிவந்தது, எத்தனை இலட்சம் விற்பனையாயிற்று என்பனவே அந்நூல்களின் பொருளாகும். தொழிற்சாலை வாயிலைக் கடந்தபின் அவ்வண்டி வாழ்ந்த முப்பது, நாற்பது, ஐம்பது ஆண்டுகள் அவற்றிலே இடம்பெறுவதில்லை. ஆயினும் ஓர் இயந்திரம் சமூகத்தோடு உறவாடுவது அந்த நீண்ட பிற்காலத்திலேயாம். மொறிஸ் மைனர் ட்றவலர் என்னும் மரச்சட்டமிட்ட ஸ்ரேசன் வாகனின் பிற்கால வாழ்வு, பிரித்தானியாவிலும் இலங்கையிலும் வீட்டு முற்றங்களில் நிகழ்ந்த திருத்த வேலைகளோடு பின்னிப் பிணைந்ததாகும். அதனை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

ஸ்ரேசன் வாகன் என்ற பெயரே அதன் தோற்றுவாயைக் காட்டிநிற்கின்றது. அமெரிக்காவில் புகையிரத நிலையத்துக்கு வந்திறங்கும் பயணிகளையும் அவர்தம் பெட்டிகளையும் ஏற்றிச்செல்ல, சாதாரண மோட்டார் வண்டியின் அடிச்சட்டத்தின் மீது தச்சர்கள் மரத்தாலான கூடொன்றைக் கட்டிக்கொடுத்தனர். அதுவே நாளடைவில் ஒரு தனி வகையாக வளர்ந்தது. 1929இல் போர்ட் நிறுவனம் தனது ஏ மாதிரி வண்டியில் இவ்வகையைத் தானே விற்பனைக்கு விட்டது. அதற்கான மரம் மிச்சிகன் மாநிலத்தில் அந்நிறுவனத்துக்கே உரித்தான காடுகளிலிருந்து வந்தது. (எஞ்சிய மரத்துண்டுகளைக் கரிக்கட்டிகளாக்கி விற்றதும் அதே நிறுவனமே என்பது சுவையான செய்தி.) இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்காவில் முழுதும் உருக்காலான கூடுகள் பெருகின. ஆனால் பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கு உருக்கு அரிதாக இருந்தமையால் மரவேலைப்பாடு மேலும் சில காலம் நீடித்தது. அவ்வாறு நீடித்தவற்றுள் மிக நெடுங்காலம் நிலைத்தது ட்றவலரே.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மேர்னா நகரிலே பிறந்து, 1922இல் அந்நகரம் போரால் அழிந்தபோது அங்கிருந்து வெளியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். போர்க்காலத்திலேயே ‘மொஸ்கிற்றோ’ என்னும் மறைபெயரில் இவ்வண்டியின் வேலை தொடங்கிற்று. நிறுவனத்தின் அதிபரான நபீல்ட் பிரபு இதனைக் கண்டு, ‘கொதிநீரில் அவித்த முட்டை’ என்று இகழ்ந்தார் என்பர். உற்பத்திக்கு மிக அண்மித்த வேளையில், வண்டி ஒடுக்கமாக உள்ளதெனக் கண்ட இசிகோனிஸ் மாதிரி வண்டியொன்றை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். எஞ்சின் மூடியின் நடுவிலே ஓடும் தட்டையான பட்டையை இன்றும் எம்மைனரிலும் காணலாம். அது அந்த இறுதிநேர மாற்றத்தின் தழும்பாகும்.

1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் மைனர் அறிமுகமாயிற்று. 1952இல் மொறிஸ், ஒஸ்ரின் நிறுவனங்கள் இணைந்தபின் ஒஸ்ரினின் 803 க.செ.மீ. எஞ்சின் இதற்குப் பொருத்தப்பட்டது. 1953இல் ட்றவலர் வெளிவந்தது. எஞ்சின் 1956இல் 948 ஆகவும் 1962இல் 1098 ஆகவும் பெருத்தது. 1960ஆம் ஆண்டின் இறுதியில் பத்து இலட்சமாவது மைனர் உற்பத்தியானது. பிரித்தானிய வண்டியொன்று அவ்வெண்ணிக்கையை எட்டியது அதுவே முதன்முறை. ட்றவலரின் உற்பத்தி 1971இல் நின்றுபோயிற்று.

ட்றவலரின் முன்பாதி உருக்கு. பின்பாதி ஆஷ் மரச்சட்டமும் அதனுள் பொருத்திய அலுமினியத் தகடுகளும். இம்மரத்தை அலங்காரமெனக் கருதுவோர் பலர். அது பெருந்தவறு. அமெரிக்க வண்டிகள் சிலவற்றில் பிற்காலத்திலே மரம்போல் தோற்றமளிக்கும் தாள் ஒட்டப்பட்டதுண்டு. ட்றவலரின் மரமோ பாரந் தாங்குவது. கூரையும் பின்கதவுகளும் கண்ணாடிகளும் அதன்மீதே நிற்கின்றன. பிரித்தானியாவில் 1960இல் தொடங்கிய கட்டாய வாகனப் பரிசோதனையில், துருப்பிடித்த அடிச்சட்டத்துக்காக வண்டி நிராகரிக்கப்படுவது போலவே உளுத்த மரத்துக்காகவும் ட்றவலர் நிராகரிக்கப்பட்டது. ஒரு மோட்டார் வண்டியின் தகுதியை அறிய அதன் மரத்தைக் குத்திப் பார்க்க நேர்ந்தமை விநோதமே.

ஆஷ் மரத்தின் குணமே இதன் விதியை நிர்ணயித்தது. அது வளைந்து கொடுக்கும்; அதிர்ச்சியைத் தாங்கும்; ஆணியையும் திருகாணியையும் நன்கு பற்றும். அதனாலேயே ஐரோப்பியக் குதிரைவண்டித் தச்சர் நூற்றாண்டுகளாக அதனை விரும்பினர். ஆனால் ஈரத்தை அது தாங்காது. ட்றவலரின் பக்கக் கண்ணாடிகள் சறுக்கித் திறப்பவை. அவை ஓடும் தவாளிப்பிலே மழைநீர் தங்கும். நீர் வடியும் சிறுதுளை இலைச்சருகாலும் தூசியாலும் அடைபட்டால், கீழ்ச்சட்டம் உள்ளிருந்து உளுக்கத் தொடங்கும். மேலே வார்னிஷ் பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே விரலால் நசுக்கக்கூடியதாய் மரம் மென்மையுறும். முதலிற் கறுப்புக் கறை; பின் பூஞ்சணம்; சிலவேளைகளில் பாசியும் முளைக்கும்.

இத்தகைய வண்டியை வீட்டில் வைத்துத் திருத்த முனைவோர் செய்யும் முதற்பிழை, கண்ணுக்குத் தெரியும் மரத்தில் தொடங்குவதாகும். மரச்சட்டம் அமர்வது உருக்குத் தரையின் மீது. பின் வில்லுகள் தொங்கும் இடங்கள் துருப்பிடித்து வளைந்திருக்கையில் எத்துணை நேர்த்தியான மரச்சட்டமும் கோணலாகவே அமையும், கதவு பூட்டாது. எனவே தரையும் அடிச்சட்டமும் முதலில் ஒட்டப்பட்டு நேராக்கப்படல் வேண்டும். அதற்கும் முன்பாக, பழைய சட்டத்தைக் கழற்றுமுன், கதவிடைவெளிகளையும் மூலைக்கு மூலை நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்ளல் வேண்டும். கழற்றியபின் அளப்பதற்கு எதுவும் எஞ்சாது. புதிய சட்டம் பொருத்தும்போது பசைக்கு முன் திருகாணிகளால் மட்டும் இணைத்து, கதவுகளை மாட்டிப் பார்த்து, மீண்டும் பிரித்து, உளுப்பைத் தடுக்கும் நெய்யை மரம் உறிஞ்சுமளவும் ஊட்டி, அதன்பின்பே பசையிட்டு இணைத்து, பலமுறை வார்னிஷ் பூசுவர். பொறுமையற்றோர் இவ்விடைநடையைத் தாண்டிச் செல்வர். அதன் பலனை அடுத்த மாரியில் அறிவர்.

மரத்தைத் தவிர வேறு இரண்டு உறுப்புகள் கவனத்துக்குரியவை. முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பச் செய்யும் திருகுமூட்டுக்குக் காலந்தவறாது கிறீஸ் ஊட்டாவிடின், அது தேய்ந்து ஒருநாள் கழன்று, சக்கரம் வெளிப்புறமாய்ச் சரிந்துவிடும். மைனர் வைத்திருந்தோர் யாவரும் அறிந்த விபத்து இது. பிறேக்கின் தலைமை உருளையோ சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்துள்ளது. கம்பளத்தை நீக்கித் துளைவழியே எண்ணெய் ஊற்றவேண்டும். கண்ணிற் படாத உறுப்பு கருத்திலும் படாதென்பதை இதன் வடிவமைப்பாளர் எண்ணவில்லைப் போலும்.

பிரித்தானியாவில் 1970களின் நடுப்பகுதி வரை ட்றவலர் ஒரு மலிவான பழைய வண்டி மாத்திரமே. 1976இல் சாள்ஸ் வெயர் என்பார் பாத் நகரில் மைனர்களைத் திருத்தும் நிலையமொன்றைத் தொடங்கினார். புதிய வண்டி வாங்கியோன் ஆண்டுதோறும் அதன் பெறுமதித் தேய்வால் இழக்கும் பணத்தைப் பழைய வண்டியைப் பேணுவதிற் செலவிட்டால், அவ்வண்டி முடிவின்றி ஓடும் என்பது அவரது வாதம். 1982இல் இதனை நூலாகவும் வெளியிட்டார். உற்பத்தி நின்ற வண்டிக்கு உதிரிப்பாகங்களும் ஆஷ் சட்டங்களும் புதிதாகச் செய்யப்பட்டன. இவ்வகை உதிரிப்பாகங்களை இலங்கையிலே தயாரிக்கும் முயற்சியும் 1990களில் அவராலேயே மேற்கொள்ளப்பட்டது. பழைய வண்டியை நெடுங்காலம் ஓட்டுவது எவ்வாறென்று ஒரு பிரித்தானியர் நூலெழுதியும் நிலையம் அமைத்தும் நிறுவவேண்டியிருந்தது. இலங்கையில் அதனை யாரும் வாதமாக முன்வைக்கவில்லை. வேறு வழியின்மையால் அது நடைமுறையாகவே இருந்தது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இலங்கை அரசு மோட்டார் வண்டி இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை வரை அந்நிலை பெரிதும் நீடித்தது. எனவே 1950களில் இறங்கிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 போன்றவை தம் ஆயுளுக்கு மேலும் ஒரு தலைமுறை உழைக்க நேர்ந்தது. ஒட்டுவேலைக்காரரும் கடைச்சற்காரரும் தச்சரும் சேர்ந்து அவற்றை உயிருடன் வைத்திருந்தனர். இறந்த வண்டி ஒன்றின் உறுப்புகள் மூன்று வண்டிகளை வாழவைத்தன. பிரித்தானியர் ‘மூலநிலைக்கு மீட்டல்’ என்று பேசியபோது, இங்கு மீட்கப்பட்டது மூலநிலையன்று, ஓட்டம்.

அவ்வண்டிகளின் இலக்கத்தகடும் ஒரு வரலாற்று ஆவணமென்பதை இவ்விடத்துச் சுட்டல் தகும். 1957ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகள் ஆங்கில எழுத்துகளைத் தாங்கின. அவ்வாண்டு சனவரி முதல் புதிய பதிவுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துக் கட்டாயமாயிற்று. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்துத் தமிழ் ‘ஸ்ரீ’ பொறிக்கும் இயக்கத்தை நடத்தியது; 1958இல் சிங்கள ஸ்ரீ தாங்கிய பேருந்துகள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது கொந்தளிப்பு மிக்கது; அவ்வாண்டு ஏப்பிரிலில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் உடன்படிக்கையும் கைவிடப்பட்டது. ஒரு பழைய வண்டியைப் புதுப்பிப்போர் தகட்டைப் பளபளப்பாக்கி மாட்டும்போது, தாம் மாட்டுவது எத்தகைய எழுத்தென்பதை எண்ணுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் ஏற்பட்ட பொருளாதாரத் தடை இவ்வண்டிகளின் வாழ்விலே மிகக் கடுமையான அத்தியாயமாகும். பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டன. கிடைத்த சிறிதளவு பெற்றோலுக்கு யானைவிலை, குதிரைவிலை. அந்நிலையில் ‘ஏ-போட்டி’ என அழைக்கப்பட்ட ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரின் வாயிலே ‘சூப்பி’ எனப்பட்ட சிறு பிளாஸ்ரிக் போத்தலால் சில துளி பெற்றோலைப் பீச்சி எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயிற் செலுத்தினர். வெண்புகையும் நெடியும் வண்டி வருமுன்னே அதன் வருகையை அறிவித்தன.

இது வெறும் துணிச்சலன்று. இதற்கு இயந்திரவியற் காரணமுண்டு. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. நெருக்கல் மிகுந்தால் உரிய வேளைக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டச் செய்யும். பிற்கால யப்பானிய எஞ்சின்களின் நெருக்கல் விகிதம் இதற்கு ஒவ்வாது. 1950களின் பிரித்தானிய எஞ்சின்களோ, போர்க்காலத் தாழ்ந்த தரப் பெற்றோலுக்கென ஏழுக்கு ஒன்று அளவிலான விகிதத்தில் அமைந்தவை. எனவே அவை முனகிக்கொண்டேனும் ஏற்றுக்கொண்டன. பிரித்தானியாவிலேயே அக்கால பேகுசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடுமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டிருந்தது. தொழிற்சாலை அங்கு செய்ததை யாழ்ப்பாணத்து மெக்கானிக் முற்றத்துப் புளியமரத்தின் கீழே செய்தார். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து வடிந்து எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. அதனால் தேய்மானம் மிகுந்தது. அதை அவரும் அறிவார். ஆயினும் அன்றைய கேள்வி எஞ்சின் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதன்று. நோயாளி இன்றிரவு ஆஸ்பத்திரியைச் சென்றடைவாரா என்பதே. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோதும் வீதியில் நின்ற வாகனங்களுள் இவையும் இருந்தன.

2002இல் ஏ-9 பாதை திறந்தபின் புதிய வாகனங்கள் வடக்கை நிறைத்தன. பழைய வண்டிகள் ஒதுங்கின. இன்று அவை விலைமதிப்புள்ள சேகரிப்புப் பொருள்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கான தடை 2025 பெப்ரவரி வரை நீடித்தமை, கைவிட்ட வண்டிகளைப் பலர் மறுபடியும் திரும்பிப் பார்க்கச் செய்தது.

இவ்வாறு மீட்கப்படும் வண்டிகளைப் பற்றியே ஒரு வினா எழுகின்றது. ட்றவலரின் உளுத்த சட்டம் முழுவதையும் நீக்கிப் புதிய ஆஷ் மரமிட்டாலும் அது அதே ட்றவலர்தான் என்பதைப் பெரும்பாலோர் ஏற்பர். ஏனெனில் மரம் அழியவும் மாற்றவும் உரியதென்று அதன் அமைப்பே ஒப்புக்கொள்கின்றது. ஆனால் தடைக்காலத்தைக் கடந்த ஏ-போட்டியில், வேறு வண்டியிலிருந்து எடுத்துத் தகரத்தால் இணைத்த குழாயும், உள்ளூர்க் கடைச்சற்பட்டறையில் உருவான புஷ்ஷும், கரிபடிந்த காபரேற்றர் வாயும் உள்ளன. ‘மூலநிலை’க்கு மீட்பவர் முதலில் கழற்றி எறிவது இவற்றையே. 1952இல் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலையை அடைவதற்காக 1992இன் சான்று குப்பைக்குப் போகின்றது. தொழிற்சாலைநிலை வண்டிகள் பிரித்தானிய நூதனசாலைகளிலே போதியளவு உண்டு. தகரக் குழாயுடன் கூடியது இங்கன்றி வேறெங்கும் இல்லை. பட்டறைக்கு வண்டியைக் கொடுக்குமுன் அவ்வுறுப்புகளை ஒளிப்படமெடுத்து, பொருத்தியவர் உயிருடனிருந்தால் அவரது சொல்லையும் பதிந்து, கழற்றியவற்றை ஒரு பெட்டியிலிட்டு வண்டியோடேயே வைப்பதற்கு அதிக செலவில்லை.