ஓரத்தில் ஏறிய வசனம்

ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தைப் படிக்கிற எவரும் ஒருமுறையாவது அறிந்துகொள்ள வேண்டிய தோல் சுருள் ஒன்று உண்டு. 17 தோல் துண்டுகளைத் தைத்து ஒன்றாக்கியது. ஏழு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். 54 பத்திகளில், ஏசாயாவின் 66 அதிகாரங்களும் எபிரெயத்தில் இருக்கின்றன. இயேசு பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதிய பிரதி இது. அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவருடைய கண் எங்கே தடுமாறியது என்பது மட்டும் தெரியும்.

தடுமாறிய இடம் 40-ஆம் அதிகாரம். புல் உலர்வதையும் பூ உதிர்வதையும் 7-ஆம் வசனம் சொல்கிறது. 8-ஆம் வசனமும் அதே சொற்களோடு தொடங்குகிறது. முதல் இடத்தை எழுதி முடித்துவிட்டு மூலப் பிரதியைத் திரும்பிப் பார்த்தவரின் கண், இரண்டாவது இடத்தில் போய் நின்றுவிட்டது. இடையில் இருந்தது விடுபட்டுப் போயிற்று. பிறகு வேறொருவர் வாசித்தார், ஒப்பிட்டார், விடுபட்டதைக் கண்டுபிடித்தார். வரிக்கு மேலே நெருக்கி எழுதத் தொடங்கி, இடம் போதாமல் இடது ஓரத்திலும் இறக்கி எழுதினார். கர்த்தரின் திருநாமம் வருகிற இடத்தில் எழுத்துகளை எழுதாமல் நான்கு புள்ளிகள் வைத்தார். அவ்வளவு பயபக்தி!

அந்தச் சுருள் அலங்காரத்துக்கு வைத்திருந்த பொருள் அல்ல. கைபட்டுக் கைபட்டு அதன் வெளிப்புறம் கறுத்திருக்கிறது. கிழிந்த இடங்களை அந்தக் காலத்திலேயே தைத்திருக்கிறார்கள். நாசரேத்து ஜெபஆலயத்தில் இயேசுவின் கையில் ஏசாயாவின் புத்தகத்தைக் கொடுத்தார்கள் என்று லூக்கா 4-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோமே, அதுவும் இதுபோன்ற ஒரு சுருளாகத்தான் இருந்திருக்கும். அதிகார எண்ணோ வசன எண்ணோ கிடையாது. 61-ஆம் அதிகாரம் என்று நாம் சொல்லும் பகுதிக்கு வர, சுருளை ஏறக்குறைய முடிவு வரை உருட்ட வேண்டும். அவர் அந்த இடத்தைக் கண்டார் என்று லூக்கா எழுதுவதில், வேதத்தோடு பழகிய கைகளைப் பார்க்கிறோம்.

கி.பி. 68-ல் ரோமப் படை சாக்கடல் ஓரத்துக் குமரான் குடியிருப்பை அழித்தது. அந்த நெருக்கடியை ஒட்டியே இந்தச் சுருளும் மற்ற சுருள்களும் அருகிலுள்ள குகைகளில் ஒளிக்கப்பட்டன என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அதன்பின் ஏறக்குறைய 1,900 ஆண்டுகள் இருட்டு. 1947 வாக்கில் ஆடு மேய்க்கும் பெதுவின் இளைஞர்கள் ஒரு குகையில் மண்ஜாடிகளைக் கண்டார்கள். ஏசாயா சுருள் பெத்லகேம் வியாபாரி காந்தோவின் வழியாக எருசலேமின் சிரிய மரபுவழிச் சபைப் பேராயர் மார் சாமுவேலிடம் போய்ச் சேர்ந்தது. மற்ற சுருள்களையும் சேர்த்து அவர் கொடுத்த விலை 24 பவுண்டு.

1948 பிப்ரவரியில், பாலஸ்தீனம் போருக்குள் இறங்கிக்கொண்டிருந்த நாட்களில், ஜான் டிரெவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் படமெடுத்தார். அதற்கு முன் சில வரிகளைப் பார்த்து எழுதி, வேதாகமத்தோடு ஒப்பிட்டு, இது ஏசாயா 65-ஆம் அதிகாரம் என்று கண்டறிந்திருந்தார். சுருள் அமெரிக்கா போனது. 1954 ஜூன் 1 அன்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் சுருள்கள் விற்பனைக்கு என்று ஒரு சிறு விளம்பரம் வந்தது. இஸ்ரேலின் தொல்லியல் அறிஞர் யிகேல் யாதின் இடையாள் மூலம் மார் சாமுவேலிடமிருந்த நான்கு சுருள்களையும் 2,50,000 டாலருக்கு வாங்கினார். 1965 முதல் எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியக வளாகத்தில், சுருள்களுக்கென்றே கட்டிய மண்டபம் அவற்றின் இருப்பிடம்.

அதுவரை நம்மிடம் இருந்த மிகப் பழைய முழு எபிரெய ஏசாயா பிரதிகள் கி.பி. 10-ஆம் நூற்றாண்டைச் சுற்றியவை. ஆயிரம் ஆண்டு மூத்த பிரதி கிடைத்தபோது, எழுத்துக்கூட்டலிலும் சொல்லிலும் ஏராளமான வேறுபாடுகள் தென்பட்டன; ஆனாலும் அதே ஏசாயாதான் பேசினார். விசுவாசி இதற்காக நன்றி சொல்லலாம். வேறுபாடுகளைக் கண்டு பயப்படத் தேவையில்லை. தேவன் தம் வார்த்தையைத் தவறும் மனிதர்களிடம்தான் ஒப்படைத்தார்; அதைத் திருத்தக் கவனமுள்ள வாசகர்களையும் கொடுத்தார்.

இப்போது விடுபட்ட பகுதியைப் பாருங்கள். கர்த்தரின் சுவாசம் பட்டால் வாடிப்போகும் புல்தான் ஜனங்கள் என்று சொல்லும் பகுதி அது. அது இல்லாமலும் தேவவசனம் நிலைக்கும் என்ற ஆறுதல் அந்த வரியில் நிற்கிறது. நாம் யார் என்ற உண்மைதான் காணாமற்போகிறது. எழுதியவர் கண் தவறித் தாண்டினார். நாமோ தெரிந்தே தாண்டுகிறோம். ஆறுதல் வசனங்களை அடிக்கோடிட்டு, அதன் பக்கத்திலேயே நம்மைத் தாழ்த்தும் வசனத்தை விட்டுவிடுகிறோம். வேதபாடம் என்பது அந்த இரண்டாவது நபரின் வேலை: வாசித்ததைத் திரும்ப வாசிப்பது, முன்பின் வசனங்களோடு ஒப்பிடுவது, நாம் விட்டதை நம் வாழ்க்கையின் பக்கத்தில் மறுபடி எழுதிச் சேர்ப்பது. 40-ஆம் அதிகாரத்தை இந்த வாரமே எடுங்கள். 6-ஆம் வசனத்திலிருந்து 8-ஆம் வசனம் வரை, ஒரு சொல்லும் தாண்டாமல் வாசியுங்கள். நாம் புல் என்று ஒப்புக்கொண்டவனுக்கே, நிலைத்திருக்கும் வார்த்தை எவ்வளவு பெரிய ஆதரவு என்பது விளங்கும்.