தேம்ஸ் நதியும் தலைவணங்கிய பாரந்தூக்கிகளும்

2015-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள் இலண்டன் கோபுரத் துறையிலிருந்து 'ஹாவன்கோர்' என்னும் மோட்டார்ப் படகு தேம்ஸ் ஆற்றில் மேல்நோக்கிப் புறப்பட்டது. தனியார் உடைமையாகிவிட்ட அப்படகில் வின்ஸ்டன் சர்ச்சிலின் குடும்பத்தார் இருந்தனர். சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய உடலைச் சுமந்து சென்றதும் இப்படகே. நாடாளுமன்றத்தின் அருகே வழிபாடு நிகழ்ந்தது. ஆற்றில் மலர்வளையம் இடப்பெற்றது.

ஹாவன்கோர் அரச குலத்துக்கென அமைந்த கலம் அன்று. இலண்டன் துறைமுக நிருவாகத்திற்காக, ஆற்றுப்படுகையின் ஆழத்தை அளக்க, 1956-இல் டெடிங்டனில் டஃப் சகோதரர்களின் படகுப் பட்டறையில் கட்டப்பெற்றது. அப்பட்டறைக்கு முன்னரே ஒரு வரலாறு உண்டு. 1940-இல் டன்கர்க் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் சிக்குண்டபோது, தேம்ஸ் கரையோரத்து உல்லாசப் படகுகள் நூற்றுக்கும் மேற்பட்டவை அங்கேதான் ஒன்றுதிரட்டப்பட்டுக் கடல் நோக்கி அனுப்பப்பட்டன. டன்கர்க் சென்ற தனியார் படகுகளுள் 'சண்டௌனர்' ஒன்று. டைட்டானிக் கப்பலின் அதிகாரியாக இருந்து உயிர்தப்பிய சார்லஸ் லைட்டாலர் தம் அறுபத்தாறாம் அகவையில் தாமே அதனைச் செலுத்திச் சென்று, சூன் முதல் நாளன்று ஏறத்தாழ 130 வீரர்களை மீட்டு வந்தார். அம்மீட்பில் கரை சேர்ந்தோர் மொத்தம் 3,38,226 பேர். சர்ச்சில் தலைமை அமைச்சராகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அன்று உயிர்காக்க ஆற்றின் கீழ்நோக்கிச் சென்றவை களிப்புக்கான படகுகள். 1965-இல் அவர் உடலோடு மேல்நோக்கிச் சென்றது உழைப்புக்கான படகு.

1965 சனவரி 30, சனிக்கிழமை. தூய பவுல் பேராலயத்தில் இறுதி வழிபாடு முடிந்தபின் உடற்பேழை ஹாவன்கோரில் ஏற்றப்பட்டது. படகு ஃபெஸ்டிவல் துறை நோக்கிச் செல்கையில், தென்கரையில் இருந்த ஹேஸ் வார்ஃப் பாரந்தூக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் நெடுங்கரங்களைத் தாழ்த்தின. தொலைக்காட்சியில் அதனைக் கண்டோர் இரும்பும் அழுததாகவே உணர்ந்தனர்.

கவிஞர்கள் இதனை எளிதில் இனங்காண்பர். இயல்பாய் நிகழும் நிகழ்ச்சியின்மேல் புலவன் தன் குறிப்பை ஏற்றிக் கூறுவது தற்குறிப்பேற்ற அணி. மதுரைக் கோட்டையில் காற்றில் அசைந்த கொடிகள் கோவலனை வரவேண்டா என மறுத்ததாக இளங்கோ பாடியது அவ்வகை. ஆயின் பாரந்தூக்கி காற்றால் அசைவதன்று. அதனுள்ளே ஒரு தொழிலாளி இருந்தான். அவன் குறிப்பு யாது? விடுமுறை நாளிலும் தாமே விரும்பி வந்து வணங்கினர் என்பது ஒரு சாரார் கூற்று. கூலி கொடுத்துச் செய்விக்கப்பட்டதே அது என்பது மறு சாரார் கூற்று. 1910-இல் டோனிபாண்டிச் சுரங்கத் தொழிலாளரின் கிளர்ச்சியின்போது உள்துறை அமைச்சராகப் படையை அனுப்பியவர் சர்ச்சில் என்பதைத் தொழிலாளர் குடும்பங்கள் மறந்தாரில்லை. 1943-இன் வங்கப் பஞ்சத்தை எண்ணுவோர்க்கும் அக்காட்சி வேறொரு பொருளையே தரும். இன்னாதலின் தாழ்ந்த கரங்களை நாடு முழுவதன் துயரமென்று ஒரே சொல்லில் கூறிவிடுதல் அணியாகலாம், வரலாறு ஆகாது.

ஐயத்திற்கிடமின்றிச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. செயிண்ட் கேத்தரின் கப்பல்துறை 1968-இல் மூடப்பட்டது. 1981-இல் ராயல் துறைகளும் மூடப்பட்டன. அன்று படகு கடந்துசென்ற பழைய இலண்டன் பாலமே 1968-இல் விற்கப்பட்டு அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் பெயர்ந்தது. 2015-இல் ஹாவன்கோர் மீண்டும் அவ்வழியே சென்றபோது பாரந்தூக்கிகளுக்குள் அமர்ந்து உழைக்கும் தொழிலாளர் அக்கரையில் இல்லை. தலைவரின் பெயரை ஆண்டுதோறும் நினைக்க நூல்கள் பல உள. கரம் தாழ்த்திய தொழிலாளியின் பெயரையோ எவரும் பொறித்து வைத்திலர். அவன் மனத்தைத் தம் விருப்பப்படி பாடுமுன், அவன் வாய்மொழியை ஒருமுறை கேட்டறிதல் வரலாற்றாசிரியர்க்கும் கவிஞர்க்கும் பொதுவான கடமையாம்.