வலிகாமம் தெற்கில் பொதுவெளியும் பொதுமண்டபமும்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை செல்லும் வீதியில், இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் நடுவே இருப்பது மருதனார்மடம். சந்தி, மரக்கறிச் சந்தை, ஆஞ்சநேயர் கோயில், இராமநாதன் கல்லூரி ஆகியவற்றால் குடாநாட்டில் இவ்வூரை அறியாதவர் இல்லை. உள்ளூராட்சியில் இது வலிகாமம் தெற்குப் பிரதேச சபையைச் சேர்ந்தது. சுன்னாகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அச்சபையின் எல்லைக்குள் உடுவில், இணுவில், ஏழாலை முதலிய ஊர்களும் அடங்கும். இப்பகுதியில் மக்கள் கூடவும் ஆறியிருக்கவும் விளையாடவும் வாசிக்கவும் இடம் தந்தவர் யார், அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, கதவின் திறப்பு யார் கையில் இருந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தை நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகிறது. கட்டுவதற்கான பணம் ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவரிடமிருந்து வந்தது. பேணுவதற்கான பணமும் பயன்படுத்த அனுமதிக்கும் அதிகாரமும் ஊரவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு சபையிடம் இருந்த காலங்களில் மட்டுமே அந்த இடங்கள் எல்லோருக்கும் உரியவையாக இருந்தன.

சபைகள் தோன்றுமுன் இவ்வேலையைத் தர்மம் செய்தது. வழிப்போக்கருக்கு மடம், தண்ணீருக்குக் கேணி, சுமையை இறக்கி ஆறச் சுமைதாங்கி, மாடுகளுக்கு ஆவுரஞ்சிக்கல் என்று வசதி படைத்தோர் நிறுவிவைத்தனர். கந்தர்மடம், ஓட்டுமடம், ஆறுகால்மடம் என்ற இடப்பெயர்கள் இந்த வழக்கம் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குச் சான்று. இருபதாம் நூற்றாண்டில் இதே கொடை மரபு கல்விக்கூடங்களாக உருமாறியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்கென நிறுவிய கல்லூரியும், பின்னர் 1960இல் தொடங்கப்பெற்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இசைக்கல்வி நிறுவனமும் மருதனார்மடத்துக்கு மேடையையும் இசையையும் மரநிழல் நிறைந்த வளாகங்களையும் தந்தன. வலிகாமத்தில் இதன் பெறுமதி தனியானது. இங்கே செம்மண் நிலம் சிறு சிறு துண்டுகளாகத் தனியார் உறுதிகளில் கிடக்கிறது. வெங்காயமும் புகையிலையும் விளையும் தோட்டத்தைப் பூங்காவுக்கென வாங்கச் சபைகளிடம் ஒருபோதும் பணம் இருந்ததில்லை. அரச காணி தாராளமாக உள்ள வன்னியின் நிலை வேறு.

கொடைக்கு ஓர் எல்லை இருந்தது. கொடுத்தவரே யார் உள்ளே வரலாம் என்பதையும் முடிவுசெய்தார். சாதியின் பெயரால் கோயிலும் தேநீர்க்கடையும் கிணறும் பலருக்கு மூடப்பட்டிருந்தன. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்தில் தொடங்கியது. பொலிசாரின் தாக்குதலுக்குப் பின்னரும் கலையாமல் யாழ்ப்பாணம் சென்று முற்றவெளியில் கூட்டமாக நிறைவுற்றது. இரு ஆண்டுகளின் பின் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. ஊர்வலம் முற்றவெளிக்குப் போனதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். எவருடைய தருமத்துக்கும் கடன்படாமல் நிற்கக்கூடிய நிலம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. கோயில் வீதியும் பாடசாலை மைதானமும் போதும், சபைக்கு எதற்குத் தனியாக மண்டபம் என்று இன்றும் கேட்கப்படுகிறது. கோயில்களும் பாடசாலைகளும் செய்துவரும் பணி பெரிது. ஆனால் அவற்றின் கதவு அவற்றின் நிருவாகத்துக்குரியது. பொதுப்பணத்தில் நிற்கும் மண்டபத்தில் ஒருவரை மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

உள்ளூராட்சியின் சட்ட வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1871இன் கிராமச் சங்கங்கள் 1924இன் திருத்தத்தால் தேர்தல் வழி வரும் அமைப்புகளாக விரிந்தன. பின்னர் சுன்னாகம் பட்டின சபையாயிற்று. சுற்றியிருந்த ஊர்களைக் கிராம சபைகள் பார்த்தன. வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் பெருகியது இக்காலத்திலேயே. காணியை ஊரவர் ஒருவர் கொடுப்பார், கட்டடத்தை இளைஞர் சிரமதானமாக எழுப்புவர், சபை சிறு உதவி செய்யும். சுமையை மூவர் பகிர்ந்த ஏற்பாடு அது. 1980ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைச் சட்டத்தோடு கிராம சபைகளும் பட்டின சபைகளும் மறைந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. மக்களின் சுகமும் வசதியும் நலனும் சபையின் பொறுப்பு என்று அதன் 3ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் போர் நடந்த வடக்கில் 1998 ஜனவரியில்தான் அச்சபைகளுக்குத் தேர்தல் வந்தது. அதற்கிடையில் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் மல்லாகம் கோணப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் குடிசை போட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தனர். திறந்த வெளியின் தேவையை இதைவிடக் கடுமையாக ஒரு பிரதேசம் உணர்ந்திருக்க முடியாது.

அனுமதி என்ற அதிகாரம் எவ்வளவு பாரமானது என்பதை 1974 ஜனவரி 10 காட்டிற்று. நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் யாழ் மாநகர சபையின் திறந்தவெளி அரங்கு கிடைக்காமற்போக, வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் அவசரமாக மேடை போடப்பட்டது. வீதியெங்கும் நிறைந்த கூட்டத்துள் பொலிசார் புகுந்தபோது நேர்ந்த உயிரிழப்புகளை யாழ்ப்பாணம் இன்றும் நினைவுகூர்கிறது. சாவுகளுக்குக் காரணம் பொலிஸ் நடவடிக்கை. பூட்டிய அரங்கின் மீது அந்தப் பழியை மாற்றிவிட முடியாது. எனினும் மண்டபம் யாருக்கு, எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்பது எழுத்திலுள்ள விதியாக இல்லாமல் ஒரு பதவியாளரின் சம்மதத்தில் தொங்கும்போது பொதுக்கூட்டம் வீதிக்குத் தள்ளப்படுகிறது. இதற்கான கருவி சட்டத்தில் உண்டு. கட்டணம், வைப்புப்பணம், ஒலிபெருக்கி, முன்னுரிமை ஆகியவற்றைச் சபை உபவிதியாக இயற்றலாம். உரிய அமைச்சரின் ஒப்புதலோடு வர்த்தமானியில் வந்தால் அது எவரையும் கட்டுப்படுத்தும்.

இனிப் பணத்துக்கு வருவோம். ஊரவர் சோலை வரி என்று சொல்லும் ஆதன வரி, சந்தைக் குத்தகை, உரிமக் கட்டணம், முத்திரை வரி, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியவையே பிரதேச சபையின் வருவாய். ஊழியர் சம்பளத்துக்கு மாகாணம் வழியாக அரசு உதவுகிறது. சந்தையின் பங்கு பெரிது. 2020 டிசெம்பரில் மருதனார்மடம் சந்தையிலிருந்து கொரோனாக் கொத்தணி உருவாகிச் சந்தை மூடப்பட்டபோது விவசாயியின் வருவாயோடு சபையின் வருவாயும் அடிபட்டது. இந்த நிலையில் பூங்கா ஆடம்பரம் அல்லவா, வெள்ளவாய்க்காலும் கழிவகற்றலும் முதலில் வேண்டாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. வாய்க்கால் அடைத்த ஊரில் பூஞ்செடி நடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. மண்ணின் அடியில் சுண்ணாம்புக்கல்லும் அதற்குள் நிலத்தடி நீரும் உள்ள வலிகாமத்தில் சீமெந்து பூசாத ஒவ்வொரு பரப்பும் மழைநீரை உள்வாங்குகிறது. சுன்னாகம் மின்நிலையப் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈட்டுக்கு உத்தரவிட்டது. அதன் பின்னும் திறந்த நிலத்தை அலங்காரம் என்று சொல்வது பொருந்தாது.

மூலதனத்துக்கு வழி கிடைத்தே வந்துள்ளது. 2010இல் உலக வங்கி ஒப்புக்கொண்ட நெல்சிப் திட்டம் வடக்குக் கிழக்குச் சபைகளுக்கு வீதி, சந்தை, நூலகம், மண்டபம் போன்றவற்றுக்கு நிதி தந்தது. புலம்பெயர்ந்தோரும் ஊருக்கென அள்ளிக் கொடுக்கிறார்கள். ஆனால் இவர்களில் எவரும் மின்கட்டணத்தையும் காவலாளியின் சம்பளத்தையும் ஆண்டுதோறும் கொடுப்பதில்லை. இதன் பெரிய உதாரணம் யாழ் நகரில் உள்ளது. இந்திய உதவியில் எழுந்த பண்பாட்டு மையத்துக்கு 2015இல் அடிக்கல் நாட்டப்பட்டது; 2023 பெப்ரவரியில் அது மக்களிடம் கையளிக்கப்பட்டது. அத்தனை மாடிகளையும் அரங்கையும் பேண மாநகர சபையின் வருவாய் போதுமா என்ற கேள்வி, கட்டடம் முடியுமுன்னரே எழுந்து, நிருவாகம் யாரிடம் என்ற நீண்ட இழுபறியாயிற்று. இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரம் 1847இல் பூங்காவைத் திறந்தபோது, அதற்கான பொதுப்பணத்தையும் அதிகாரத்தையும் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சட்டமாகப் பெற்றிருந்தது. கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது திட்ட நிதியின் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளூர் அமைப்புகளுக்குச் சென்றது. இரண்டிலும் பணமும் முடிவும் ஒரே கையில் சேர்ந்தன.

பாதீடு எவ்வளவு வலிய ஆயுதம் என்பது வடக்குக்குத் தெரியும். 2020 டிசெம்பரில் இருமுறை பாதீடு தோற்றதால் யாழ் மாநகர முதல்வர் பதவியிழந்தார். அந்த வாக்கெடுப்புகளில் கட்சிக் கணக்கு பேசிய அளவுக்குப் பூங்காவின் தண்ணீர்க் கட்டணம் பேசியதில்லை. 2023 மார்ச்சில் நாடெங்கும் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செயலாளர்களே பிரதேச சபைகளை நடத்தினர். அரசியல் இல்லாததால் அந்நாட்களில் வேலை ஒழுங்காக நடந்தது என்போர் உண்டு. கோப்புகள் நகர்ந்திருக்கலாம், எந்த வட்டார மைதானத்துக்கு மின்விளக்கு, எந்தச் சனசமூக நிலையத்துக்குப் பத்திரிகை என்பதை எதிர்த்துக் கேட்கும் ஆசனம் மட்டும் அப்போது காலியாக இருந்தது. இப்போது ஆசனங்கள் நிரம்பியுள்ளன. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, சூழலுக்கும் வசதிகளுக்குமான குழுவில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்க இடமளிக்கிறது. விளையாட்டுக்கழகத்தையும் மாதர் சங்கத்தையும் சந்தை வியாபாரிகளையும் அக்குழுவில் இருத்தி, சந்தைக் குத்தகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று பாதீட்டில் தனித் தலைப்பில் ஒதுக்கப் புதிய சட்டமோ கொழும்பின் கடிதமோ வேண்டியதில்லை. சபை அமர்வில் ஒரு பிரேரணை போதும்.