டெல்லி - பாக்டோக்ரா விமானம்: எவரெஸ்ட் தெரியணும்னா எந்தப் பக்கம் உட்காரணும்?

டார்ஜிலிங், சிக்கிம் போகிறவர்களில் பலர் இறங்குவது பாக்டோக்ரா விமான நிலையத்தில். டெல்லியிலிருந்து சுமார் 2 மணி நேரப் பயணம். வழியில் உலகின் மிக உயரமான சிகரங்கள் வரிசையாகத் தெரியும், ஆனால் ஒரு பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும். எதிர்ப்பக்க விண்டோ சீட்டுக்குக் கூடுதல் காசு கட்டியவர்களுக்குச் சமவெளியும் கண் கூசும் வெயிலும்தான்.

சரி, எந்தப் பக்கம்?

போகும்போது இடது பக்கம், அதாவது 'ஏ' சீட். திரும்பும்போது வலது பக்கம், 'எஃப்'. விமானம் கிழக்கு நோக்கிப் போகிறது, இமயமலை வடக்கே இருக்கிறது. கிழக்கே பார்த்து நின்றால் வடக்கு உங்கள் இடது கைப் பக்கம், அவ்வளவுதான் கணக்கு. ரவுண்ட் ட்ரிப் புக் செய்யும்போது இரண்டு பயணத்துக்கும் ஒரே எழுத்தைத் தட்டிவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு.

'அவ்வளவு தூரத்துல இருக்கிற மலை தெரியுமா?' என்று கேட்கலாம். 35,000 அடி உயரத்தில் அடிவானமே சுமார் 370 கி.மீ. தள்ளி இருக்கும். எவரெஸ்ட் அதைவிட நன்றாகவே பக்கத்தில் வந்துவிடும்.

எது எவரெஸ்ட்?

இங்கேதான் குழப்பம். கோரக்பூர் வட்டாரத்தைத் தாண்டும்போது முதலில் தௌலகிரியும் (8,167 மீட்டர்) அன்னபூர்ணாவும் (8,091 மீட்டர்) தெரியும். பிகார் வான்பரப்புக்குள் போன பிறகுதான் எவரெஸ்ட் (8,848.86 மீட்டர்). ஆனால் தெற்கிலிருந்து பார்க்கும்போது லோட்சே - நுப்ட்சே மலைச்சுவர் அதன் கீழ்ப்பாதியை மறைத்துவிடும். எனவே பளிச்சென்ற பெரிய வெள்ளை மலையைத் தேடாதீர்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் கருமையான முக்கோண முனையைத் தேடுங்கள். அதற்கு வலப்புறம், கொஞ்சம் தள்ளித் தனியாக நிற்பது மகாலு.

இறங்குவதற்குச் சற்று முன் ஜன்னலை அடைத்துக்கொண்டு வருவது காஞ்சன்ஜங்கா (8,586 மீட்டர்). இதைத்தான் பலர் எவரெஸ்ட் என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகின் மிக உயரமான சிகரமாகக் கருதப்பட்டது இதுதான் என்பதால் மன்னித்துவிடலாம். உண்மையைச் சொன்னால், இந்தப் பயணத்தின் சிறந்த காட்சியும் எவரெஸ்ட் அல்ல, காஞ்சன்ஜங்காதான்.

நேரமும் மாதமும்

மழைக்காலம் முடிந்து வானம் தெளியும் அக்டோபர், நவம்பர் சிறந்தது. அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்தே இருக்கும். அதனால் வடக்கு ஜன்னலில் கூச்சம் இருக்காது, உங்களுக்குத் தெரியும் மலைமுகத்திலும் வெயில் நேராக விழும். காலை அல்லது மதிய விமானமாகப் பாருங்கள். டிசம்பரில் அந்தப் பகுதியில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மாலை விமானத்தில் 'ஏ' சீட் எடுத்தும் பயனில்லை.

பக்கம் சரியாக இருந்தும் இறக்கை மறைத்தால் போச்சு. சீட் மேப்பில் எமர்ஜென்சி எக்ஸிட் வரிசைகள் இருக்கும் இடம்தான் இறக்கை. அதற்கு நன்றாக முன்னாலோ பின்னாலோ எடுங்கள். முன்பக்கம் மேல், ஏனெனில் பின்னால் இன்ஜின் வெப்பக் காற்றில் காட்சி கலங்கித் தெரியும். பல போயிங் 737 விமானங்களில் இறக்கைக்குச் சற்று முன்னால் ஒரு வரிசையில் ஜன்னலே இருக்காது. ஏசி குழாய் போகும் இடம் அது. ஆனால் சீட் மேப்பில் அதுவும் விண்டோ சீட்தான்!

கொல்கத்தாவிலிருந்து வருகிறீர்களா? விமானம் நேர் வடக்கே போவதால் மலை பெரும்பாலும் பைலட்டுக்குத்தான் தெரியும். இடது பக்கம் சற்றுப் பரவாயில்லை, ஆனால் அதற்காகக் கூடுதல் பணம் கட்டத் தேவையில்லை.

டெல்லி - ஸ்ரீநகர் பயணத்துக்கும் இதே கணக்குதான்: வடமேற்கே போகும் விமானத்துக்கு மலைகள் கிழக்கே, எனவே வலது பக்கம். டெல்லி - லேவில் இரண்டு பக்கமும் மலைதான். ஆனாலும் காலை விமானத்தில் வலது ஜன்னல் சூரியனைப் பார்த்து இருக்கும். நுன், குன் சிகரங்களும் இடப்பக்கமே வரும்.

போட்டோ எடுக்கலாமா? நடுவானில் தாராளமாக எடுக்கலாம். பாக்டோக்ரா, ஸ்ரீநகர், லே மூன்றும் விமானப்படைத் தளங்கள் என்பதால் அங்கே தரையிறங்கும்போதும், புறப்படும்போதும், தரையில் நிற்கும்போதும் எடுக்கக் கூடாது. இறங்கத் தொடங்குவதாக அறிவிப்பு வந்ததும் போனை உள்ளே வைத்துவிடுங்கள்.