குறிப்புக் கலத்தில் தொலைந்த நிலம்

பஞ்சமி நிலம் எப்படிப் போச்சு என்று கேட்டால், சாராயத்துக்கு வித்தான், கல்யாணக் கடனுக்கு எழுதிக் கொடுத்தான் என்று ஊர்க்காரன் சொல்லுவான். நம்ம ஆளுங்களே சிலபேர் அதைத் திருப்பிச் சொல்றாங்க. விற்றிருந்தாலும் பஞ்சமர் அல்லாதவருக்கு விற்றது செல்லாது. அப்படியிருக்க நிலம் கைமாறி நிலைத்தது எப்படி? கணக்கு எழுதியவன் கையால்தான்.

1891-இல் செங்கல்பட்டு ஜில்லா பொறுப்பு கலெக்டர் திரமென்ஹீர், பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்டு நம்மவர் மனுப் போட்டால் மிராசுதாரருக்கே முன்னுரிமை என்பது அன்றைய விதி. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-இல் 1010 எண்ணுள்ள அரசாணை வந்தது. நிலம் பெற்றவர் பத்து வருஷம் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. பிறகும் பஞ்சமருக்கு மட்டுமே கொடுக்கலாம். மீறினால் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல சட்டம்தான். ஆனால் அதைக் காப்பாற்ற இருந்தது கிராமக் கணக்கு. 'அ' பதிவேட்டில் சர்வே எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர், கடைசியில் குறிப்புக் கலம். இது பஞ்சமி நிலம், நிபந்தனைக்கு உட்பட்டது என்று சொல்ல வேண்டிய இடம் அந்தக் கலம். அடங்கலில் வருஷா வருஷம் யார் பயிர் வைத்தார்கள் என்று எழுத வேண்டும். எழுதினவர் பரம்பரைக் கர்ணம். வெட்டியான் என்ன செய்தான்? ஜமாபந்திக்கு அந்தக் கணக்குக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு தாலுகா கச்சேரிக்குப் போனான். ஊர் எல்லைக்கல் ஒவ்வொன்றும் அவனுக்கு அத்துப்படி. எல்லைத் தகராறு வந்தால் அவன் சொல்தான் சாட்சி. தலையில் இருந்த கட்டுக்குள் தன் நிலம் யார் பேரில் ஏறியிருக்கிறது என்று மட்டும் அவனுக்குத் தெரியாது, படிக்க விட்டால்தானே!

1980-இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. ஆள் போனார், அவர் எழுதி வைத்தது போகவில்லை. அதற்கு முன்பே, 1979-இல், யூ.டி.ஆர். என்ற பதிவேடு திருத்தும் திட்டம் தொடங்கியிருந்தது. 1987 வரை நடந்தது. அனுபவத்தில் இருப்பவர் பெயர் பட்டாவில் ஏறியது. பழைய குறிப்பு பல ஊர்களில் புதுப் பதிவேட்டுக்கு வரவே இல்லை. அழித்ததாகக்கூட யாரையும் பிடிக்க முடியாது, காப்பி எழுதும்போது விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பின்னாளில் கம்ப்யூட்டரில் ஏறியதும் இந்தப் புதுப் பதிவேடுதான்.

1994-இல் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டு மக்கள் இறங்கினார்கள். அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். இது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மீட்புக்குப் போகிற தோழர்கள் பலர் இன்றும் கையில் எடுத்துப் போவது இப்போதைய சிட்டா நகலை. அதில் எதிராளி பேர்தான் இருக்கும். கேட்க வேண்டியது யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு, பழைய செட்டில்மெண்ட் பதிவேடு. 2005-க்குப் பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 'ஆவணம் இல்லை' என்று தாலுகாவில் பதில் வந்தால், அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமுக்கும், எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் மனுப் போடுங்கள்.