இலவச டேட்டாபேஸும் சங்கத்துக் கணக்கும்

பொன்முடி போகிறவர்கள் கல்லாற்றில் வண்டியை நிறுத்தி, தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். அந்த ஊர் வீடுகளின் கரண்ட் பில்லுக்கும் நான் சொல்ல வரும் விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டு. கேரள மின்வாரியம் வீட்டு இணைப்புகளுக்கு பில் போட, தன் ஆட்களை வைத்தே 'ஒரும' என்று ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டது. மலையாளத்தில் ஒற்றுமை என்று பொருள். அதற்கு அடியில் வைத்தது போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸ். 2001 ஜூலையில் ஸ்டால்மன் வந்து கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்ததும் திருவனந்தபுரத்தில்தான்.

நம்மவர்கள் சங்கத்துச் சந்தா, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு என்று சின்னதாக ஒரு வெப் அப்ளிகேஷன் செய்தால் கை தானாக மைஎஸ்க்யூஎல் பக்கம் போகும். காரணம் சரித்திரம். 1995-ல் சுவீடனில் பிறந்தது. 2000-ல் ஜிபிஎல் உரிமத்துக்கு வந்தது. மலிவு ஹோஸ்டிங்காரர்கள் பிஎச்பியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வேகமும் இருந்தது.

ஆனால் வங்கிக்காரன் கண்ணுக்கு ஒன்று உறுத்தும். சந்தாக் கணக்கிலிருந்து பொங்கல் நிதிக்கு 500 மாற்றுகிறீர்கள். பற்று எழுதியாயிற்று, வரவு எழுதுவதற்குள் சர்வர் படுத்துவிட்டது. பணம் எங்கே? பற்றும் வரவும் சேர்ந்து ஏற வேண்டும், இல்லையேல் இரண்டுமே ஏறக்கூடாது. மைஎஸ்க்யூஎல் வழக்கமாகக் கொடுத்த மைஐசாம் அட்டவணைக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. இருந்த இன்னோடிபியை நாமே கேட்டு வாங்க வேண்டும். அது தானாக வந்தது 2010-ல், 5.5 பதிப்பில். பழைய பதிப்புகள் பிப்ரவரி 31 என்று தேதி கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டன! கணக்கெழுதுகிறவர் அப்படி எழுதினால் விடுவோமா?

போஸ்ட்கிரெஸ் இதில் கறார். 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கியது. ஆனால் விண்டோஸில் நேராக ஓட 2005-ல் 8.0 பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டில் விண்டோஸ் வைத்துப் பழகியவர்கள் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டார்கள்.

இன்னொன்று, யார் கையில் இருக்கிறது என்பது. மைஎஸ்க்யூஎல்லை 2008-ல் சன் நூறு கோடி டாலருக்கு வாங்கியது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. மூல ஆசிரியர் விடேனியஸ் அதற்கு முன்பே தனியே மரியாடிபி தொடங்கிவிட்டார். மை, மரியா இரண்டும் அவருடைய மகள்களின் பெயர்கள். (மகள் பெயரில் கடை வைப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல.) போஸ்ட்கிரெஸை அப்படி விலை பேச ஒற்றை முதலாளி இல்லை.

நூறு இருநூறு குடும்பங்கள் உள்ள சங்கத்துக்கு இவை இரண்டுமே அதிகம் என்பேன். 2000-ல் ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான ஒரு வேலைக்காக எழுதிய எஸ்க்யூலைட் போதும். தனி சர்வர் வேண்டாம். பற்று வரவு பாதியில் நிற்காது. ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். நம் பொருளாளரும் ஒருவர்தானே. மொத்தக் கணக்கும் ஒரே கோப்பு. அடுத்த பொருளாளர் வந்தால் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம்.